ஆளுக்கொரு ஆத்துமா

அந்த மாதம் முழுக்கச் சபையில் ஒரே பேச்சுதான். ஆள் கூட்டி வா, ஆள் கூட்டி வா. ஆம்பூர் பைபாஸுக்குப் பின்னால் இருந்த அந்தச் சின்னச் சபைக்கு ஜோசுவா பாஸ்டராக வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மனிதர் சென்னையில் ஏதோ பயிற்சிக்குப் போய் வந்தார், வந்ததும் வராததுமாக ‘ஆளுக்கொரு ஆத்துமா’ என்று ஒரு திட்டத்தைத் தொடங்கிவிட்டார். சபையில் இருக்கும் ஒவ்வொருவரும் புதிதாக ஒருவரைக் கூட்டி வர வேண்டும். வந்தவர்களை ஆராதனை நடுவில் எழுப்பி நிற்கவைத்து, கையில் ஆளுக்கொரு ரோஜாப் பூவைக் கொடுத்து, போட்டோ எடுப்பார்கள். கூட்டி வந்தவருக்கு ஒரு ஹாட்பாக்ஸ். புதிதாக வந்தவர்களுக்கு மட்டும் பின்கட்டில் பிரியாணி.

கிறிஸ்டினாவுக்கு இதெல்லாம் பார்க்கப் பார்க்கக் குமட்டிக்கொண்டு வந்தது. பிரியாணிக்குப் பேர்போன ஊரில், பிரியாணியைக் காட்டியா தேவனிடம் ஆள் சேர்ப்பார்கள்? அதுவும் என்னென்ன கூத்து! ஒருத்தி தன் மாமியாரையே முதல் வாரம் நெமிலியிலிருந்து வந்த அத்தை என்றும், அடுத்த வாரம் அணைக்கட்டிலிருந்து வந்த பெரியம்மா என்றும் சொல்லி இரண்டு ஹாட்பாக்ஸ் வாங்கிக்கொண்டு போனாள். அந்தக் கிழவியும் வேறு வேறு புடவையில் வந்து வெட்கமில்லாமல் இரண்டு தரம் பிரியாணி சாப்பிட்டது. எல்லாருக்கும் தெரியும், யாரும் வாயைத் திறக்கவில்லை. எண்ணிக்கை ஏறுகிறதல்லவா.

கிறிஸ்டினா ஒன்றும் பக்தியில்லாதவள் அல்ல. அவள் அப்பா தோல் பதனிடும் ஷெட்டில் சுண்ணாம்புத் தொட்டியில் நின்று கால் வெந்தவர். அந்தக் காலோடு முழங்காலிட்டு அவர் ஜெபம் செய்ததைப் பார்த்து வளர்ந்தவள் அவள். அழ வேண்டும் என்றால் அவளுக்கு அந்தச் சபையை விட்டால் வேறு இடம் கிடையாது. அதனால்தான் இந்தச் சந்தைக்கடையைப் பார்க்க அவளுக்கு அத்தனை அருவருப்பாக இருந்தது.

ஆனால் அருவருப்பு அவளை விட்டுவைக்கவில்லை. மூன்றாம் ஞாயிறு பாஸ்டர், “இதுவரைக்கும் ஒரு ஆத்துமாவும் கூட்டி வராதவங்க தயவுசெய்து எழுந்து நில்லுங்க” என்றார். அவளோடு இன்னும் நாலைந்து பேர் எழுந்தார்கள், எல்லாம் கிழடுகட்டைகள். மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்ற செயலாளர் பாண்டியன் அவளைப் பார்த்துச் சிரித்தார்.

“சகோதரி கிறிஸ்டினா, ஷூ ஃபேக்டரில அத்தினி பொம்பளைங்களோட வேலை செய்றீங்க. ஒருத்திகூடவா கெடைக்கல?”

சபை முழுக்கச் சிரித்தது. அவளுக்குக் காது வரை சுட்டது. உட்கார் என்று யாரும் சொல்லாததால், அடுத்த பாட்டு முடியும்வரை நின்றுகொண்டே இருந்தாள்.

மறுநாள் ஃபேக்டரியில் தனகோடியிடம் பேச்சை எடுத்தாள். ஷூவின் மேல்தோலுக்குப் பசை தடவுவது தனகோடியின் வேலை. தடவி ஒட்டியதைப் பார்த்துத் தேறியது, தேறாதது என்று பிரிப்பது கிறிஸ்டினாவின் வேலை. ஒரே மேசை, பல வருஷப் பழக்கம். தனகோடியின் புருஷன் செத்தபோது கிறிஸ்டினாதான் மூன்று நாள் அவள் வீட்டில் சமைத்துப் போட்டாள். அப்போதுகூட அவளைச் சர்ச்சுக்கு வா என்று கூப்பிட்டதில்லை. தானாக, அவளுக்குத் தெரியாமல், அவளுக்காக ஜெபம் செய்ததோடு சரி.

“தனம், வர்ற ஞாயித்துக்கெழம எங்க சர்ச்சுக்கு ஒரு தபா வர்றியா?”

தனகோடி பிரஷை நிறுத்தாமலே கேட்டாள். “இன்னாக்கா விசேஷம்?”

“விசேஷம்லாம் ஒன்னுமில்ல. யாரையும் கூட்டினு வரலன்னு என்ன எழுப்பி நிக்கவெச்சி மானத்த வாங்கறாங்க. ஒரே பேஜாரா கீது.”

“உன்னையா? எவன் அவன்?” தனகோடிக்குக் கோபம் வந்துவிட்டது. “அவ்ளோதான, வர்றேன் வுடு. சௌந்தர்யாவும் பரீட்ச முடிஞ்சி சும்மாதான் குந்திகினு கீறா. அவளையும் இட்டாறேன். ரெண்டு தலையா எண்ணிக்கட்டும்.”

அப்படித்தான் அவள் வந்தாள். பிரியாணிக்கும் வரவில்லை, இரட்சிப்புக்கும் வரவில்லை. சிநேகிதி ஒருத்தி நாலு பேர் முன்னால் நிற்க வேண்டியிருக்கிறதே என்று வந்தாள். நெற்றியில் பொட்டோடு, தலையில் கனகாம்பரம் வைத்த மகளையும் அழைத்துக்கொண்டு பெண்கள் வரிசையில் உட்கார்ந்தாள். எழுந்திரு என்றார்கள், எழுந்தாள். பூவைக் கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டாள். பாஸ்டர் இருவர் தலையிலும் கை வைத்துக் கண்ணை மூடி ஜெபித்தபோது ஒருவன் நெருங்கி வந்து போட்டோ எடுத்தான். பாண்டியன் ஹாட்பாக்ஸைக் கிறிஸ்டினா கையில் திணித்து, “பாத்தீங்களா, மனசு வெச்சா கெடைக்குது” என்றார். அந்த ஹாட்பாக்ஸை ஒரு நாளும் சோற்றுக்கு எடுக்கக் கூடாது என்று கிறிஸ்டினா அப்போதே முடிவு கட்டிவிட்டாள்.

அதோடு முடிந்தது என்று நினைத்தாள். எங்கே முடிந்தது?

அடுத்த வாரம் கால்வாய்ப் பாலத்தின் மேல் ஒரு பேனர் முளைத்தது. கீழே தோல் ஷெட்டுத் தண்ணீர் நுரை தள்ளிக்கொண்டு ஓடும், மூக்கைப் பிடிக்காமல் அந்தப் பாலத்தைத் தாண்ட முடியாது. அந்த நாற்றத்துக்கு மேலே, மெயின் ரோட்டிலிருந்து பார்த்தாலும் தெரிகிற அளவில், ‘இருளிலிருந்து ஒளிக்கு! இரட்சிக்கப்பட்ட புதிய ஆத்துமாக்கள்’ என்று போட்டு, வரிசையாக முகங்கள். இரண்டு ஊருக்கு இரண்டு உறவாக வந்த மாமியாரும் இருந்தாள். நடுவரிசையில், பாஸ்டரின் உள்ளங்கைக்குக் கீழே தலையைக் குனிந்தபடி தனகோடியும் சௌந்தர்யாவும்.

தனகோடி முதலில் சிரிக்கத்தான் செய்தாள். “என் கண்ணாலத்துக்கே எவனும் எனக்கு பேனர் வெக்கலக்கா.” சிரித்தவள் நான்கே நாளில் மேசைக்கு அழுத முகத்தோடு வந்தாள்.

சௌந்தர்யாவுக்கு அரசாங்க நர்சிங் கல்லூரியில் சேர கவுன்சிலிங் நெருங்கிக்கொண்டிருந்தது. கையால் எழுதிய பழைய சாதிச் சான்றிதழ் செல்லாது, ஆன்லைனில் புதிதாக வாங்கி வா என்று சொல்லியிருந்தார்கள். அதற்கு மனுப் போட்டாயிற்று. விசாரிக்கத் தெருவுக்கு வந்த வி.ஏ.ஓ. மூர்த்தி, அந்தப் பாலத்தின் வழியாகத்தான் வந்தார். பேனரைப் பார்த்தார். நேரே தனகோடியின் வீட்டு வாசலில் வந்து நின்று, “நீங்க மதம் மாறிட்டீங்களாம்மா?” என்று கேட்டார்.

அந்தப் பக்கத்தில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பட்டியல் சாதிச் சான்றிதழ் கிறிஸ்தவர்களுக்குக் கிடையாது. வேதக்காரியானால் அதே தெரு, அதே வீடு, ஊருக்குள் நடந்தால் அதே பழைய பார்வை, எதுவும் மாறாது, சான்றிதழ் மட்டும் மாறிவிடும். அது மாறினால் சீட்டும் போய்விடும். அதனால் சபையில் பாதிப் பேருக்குக் காகிதத்தில் ஒரு பேர், சர்ச்சில் ஒரு பேர். இதில் யாருக்கும் வெட்கமில்லை, வெட்கப்பட வேண்டியவர்கள் அப்படி எழுதிவைத்தவர்கள். யார் எது என்று ஒருவரை ஒருவர் கேட்க மாட்டார்கள், காட்டிக்கொடுக்கவும் மாட்டார்கள். அப்படிப்பட்ட தெருவில் இரண்டு பேரை, மாறாதவர்களை, மாறிவிட்டார்கள் என்று படம் பிடித்து ரோட்டில் மாட்டியிருந்தார்கள்.

“சர்ச்சுக்குப் போனதாலயே மதம் மாறினதா ஆவாதுன்னு எனக்கும் தெரியும்மா” என்று மூர்த்தி சொன்னாராம். “ஆனா இரட்சிக்கப்பட்டவங்கன்னு இம்மாம் பெருசா எழுதி வெச்சிக்கீறாங்களே. நாளைக்கு எவனாவது பெட்டிஷன் போட்டா என் வேலையில்ல போவும்? சர்ச்சுல ஒரு வார்த்த எழுதி வாங்கியாங்க, இவங்க சும்மா பார்க்க வந்தவங்கன்னு. அந்த பேனரையும் எடுக்கச் சொல்லுங்க.”

“நீ பேசுக்கா” என்றாள் தனகோடி. “எனக்கு அங்க உன்னத் தவிர யாரத் தெரியும்?”

அன்று சாயங்காலமே கிறிஸ்டினா பாஸ்டரிடம் போனாள். ஜோசுவா பொறுமையாகக் கேட்டார். அவர் குடும்பம் நாலு தலைமுறையாகக் கிறிஸ்தவர்கள். எந்தச் சான்றிதழையும் எவனும் அவரிடமிருந்து பிடுங்க முடியாது. கேட்டு முடித்து, கண்ணை மூடி, ஒரு பெருமூச்சு விட்டு, “சகோதரி, இது ஒரு சோதனை. அவங்க சாட்சியா நிக்கலாமே. சீட்டு போனா கர்த்தர் வேற வாசலைத் திறப்பாரு” என்றார்.

“ஐயா, அவங்க இன்னும் விசுவாசிக்கவே இல்ல. என்ன சாட்சி?”

“பூவை வாங்கினாங்களே, தலை குனிஞ்சாங்களே.”

கிறிஸ்டினாவுக்கு வாயில் எச்சில் கசந்தது. யாரோ ஒருத்தி மகளின் சீட்டை எடுத்துக் கர்த்தருக்குக் காணிக்கை போட இந்த மனுஷனுக்கு எவ்வளவு சுலபமாக இருக்கிறது! இவர் கையிலிருந்து ஒரு குண்டூசி போகுமா? எழுதித் தருவதென்றால் செயலாளரைத்தான் கேட்க வேண்டும் என்று சொல்லிவிட்டு அவர் எழுந்துகொண்டார்.

பாண்டியன் பக்கத்து ஊரில் அரசாங்க ஆபீஸில் கிளார்க். வாசலில் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து செல்போன் பார்த்துக்கொண்டிருந்தவர், விஷயத்தைக் கேட்டதும் சிரித்தார்.

“மாசக் கடைசில சென்னைலருந்து பெரியவங்க வர்றாங்கம்மா. பேனர் அதுக்குத்தான். இப்ப எடுத்தா இன்னா நெனப்பாங்க? அதுவும் இவங்க நம்ம ஆளுங்க இல்லன்னு நாமளே எழுதிக் குடுத்தா, கணக்கு இன்னாத்துக்கு ஆவும்?”

“ஒரு பொண்ணு படிப்பு போவுதுண்ணா.”

“படிப்பு ஜாஸ்தியா, பரலோகம் ஜாஸ்தியா?”

கிறிஸ்டினா அவரையே பார்த்தாள். இதுவரைக்கும் அந்தத் தெருவில் யாரும் யாரிடமும் கேட்காததை அவள் கேட்டாள்.

“அண்ணா, உங்க ஆபீஸ்ல உங்க பேரு இன்னா?”

பாண்டியனின் கை செல்போன் மேல் அப்படியே நின்றது. சபையில் அவர் பைபிள் பேரோடு பால் பாண்டியன். ஞானஸ்நானம் எடுத்தவர், திருவிருந்தில் தட்டு ஏந்துகிறவர். ஆபீஸில் வெறும் பாண்டியன், ஆயுத பூஜைக்கு எல்லாரோடும் சேர்ந்து பொரிகடலை வாங்கிக்கொள்கிறவர். எந்தப் பேனரிலும் அவர் முகம் இருக்காது.

“அது வேற” என்றார் மெதுவாக.

“இன்னா வேற?”

“எனக்கு ரெண்டு பொண்ணு கீது கிறிஸ்டினா.”

“அவளுக்கு ஒன்னுதான் கீது.”

பாண்டியன் எழுந்து உள்ளே போய்விட்டார். உள்ளே டி.வி. சத்தம் கூடியது. கிறிஸ்டினா கொஞ்ச நேரம் வாசலில் நின்றாள். அவர் மேல் பெட்டிஷன் போட அவளால் முடியும், ஒரு தாள் போதும். ஆனால் அவள் அண்ணன் மகனுக்கும் அதே கதைதான், பக்கத்து வீட்டுக்கும் அதே கதைதான். மழைக்கு ஒதுங்க எல்லாருக்கும் ஒரு கூரை வேண்டும், அதில் தப்பே இல்லை. தான் ஒதுங்கி நின்றுகொண்டு, பக்கத்தில் நிற்பவள் தலைக்கு மேலிருப்பதைப் பிரித்துப் போடுகிறானே, அதைத்தான் அவளால் சகிக்க முடியவில்லை. த்தூ என்று அவர் வாசலிலேயே துப்பிவிட்டு வந்தாள். அவள் வாழ்நாளில் யார் வாசலிலும் துப்பியதில்லை.

பேனர் இறங்கவில்லை, எழுத்தும் வரவில்லை. மூர்த்தியே இரக்கப்பட்டு ஒரு வழி சொன்னார். ஆடி மாதம்தானே, கெங்கையம்மனுக்குக் கூழ் ஊற்றுங்கள், பூசாரியும் தெரு ஜனமும் நிற்கிற மாதிரி போட்டோ எடுத்துக் கொடுங்கள், நான் அதை வைத்து ரிப்போர்ட் எழுதிவிடுகிறேன் என்றார். கும்பிடுகிறவளா என்று ஒருத்தியைப் படம் பிடித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது! சர்ச்சும் படம் கேட்கிறது, சர்க்காரும் படம் கேட்கிறது. நடுவில் தனகோடி, ஞாயிற்றுக்கிழமைக்கு ராகி ஊறவைத்தாள்.

அதே ஞாயிறு காலை சபையில் வழக்கம்போல, “யார் யாரைக் கூட்டி வந்தீங்க?” என்று பாஸ்டர் கேட்டார். கிறிஸ்டினா எழுந்து முன்னே நடந்தாள். அவள் முகத்தைப் பார்த்துச் சாட்சி சொல்லத்தான் வருகிறாள் என்று எண்ணி ஒருவன் மைக்கை நீட்டினான்.

“நான் இன்னிக்கி யாரையும் கூட்டினு வரல” என்றாள். “நான் உங்களக் கூப்புட வந்துக்கீறேன். நம்ம சபைக்கு வந்து பூ வாங்கின தனகோடி, மதியம் கெங்கையம்மன் கோயில்ல கூழு ஊத்தறா. நாம வெச்ச பேனரால அவ பொண்ணு படிப்பு போவப் போவுது. நாம கூப்புட்டோம், அவ வந்தா. இப்போ அவ பக்கத்துல நாலு பேர் நிக்கணும். வாங்க. பிரியாணி கெடையாது, கூழுதான்.”

மைக் செத்துவிட்டது. ஒயரைப் பிடுங்கியது பாண்டியன். “விக்கிரகத்துக்குப் படைச்சதுக்கா சபைய அழைக்கிறீங்க!” என்று பாஸ்டர் கத்தினார். கிறிஸ்டினா பெண்கள் பக்கம் பார்த்தாள். வருஷா வருஷம் பின்சந்து வழியாகச் சொம்பு கொடுத்தனுப்பி அதே கூழை வாங்கிக் குடிக்கிற அத்தனை பேரும் பைபிளுக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்கள். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். அவள் பின்னால் ஒருவரும் வரவில்லை.

கோயில் வாசலில் அவள்தான் வெங்காயம் உரித்தாள், கருவாட்டுக் குழம்பை இறக்கினாள், அண்டாவிலிருந்து மொண்டு மொண்டு ஊற்றினாள். தெரு ஜனம் வந்தது. பூசாரி வேப்பிலையோடு நின்றார். தெருமுனை ஆட்டோக்காரன் கோபி செல்போனோடு எதிரே போய் நின்றுகொண்டு, “எல்லாம் கிட்ட வாங்க” என்றான். கிறிஸ்டினா கரண்டியோடு, பழக்கத்தில், தனகோடியின் பக்கத்தில் போய் நின்றாள்.

தனகோடி மெதுவாக அவள் முழங்கையைத் தொட்டாள். “நீ நிக்காதக்கா.”

“ஏன்?”

“உன் வெறும் நெத்தியப் பாத்தாலே தெரியுது. ஊருக்கே தெரியும் நீ சர்ச்சுக்காரின்னு. வி.ஏ.ஓ. மறுபடியும் கேட்டார்னா நான் இன்னா சொல்வேன்?” அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கிறிஸ்டினா நகர்ந்தாள். “இன்னும் தள்ளிக்கங்கக்கா, கை தெரியுது” என்றான் கோபி. இன்னும் தள்ளினாள். அங்கே நின்று பார்த்தபோது, இத்தனை நாளும் பாஸ்டர் மேலும் பாண்டியன் மேலும் பொங்கிய அருவருப்பு திரும்பி அவள் மேலேயே ஏறியது. வா என்று கூப்பிட்ட வாய் அவளுடையதுதான்.

சான்றிதழ் வந்தது. சௌந்தர்யாவுக்குச் சீட்டும் கிடைத்தது. தனகோடி ஒரு டப்பா மைசூர்பாகோடு ஃபேக்டரிக்கு வந்து, லைன் முழுக்கக் கொடுத்துவிட்டுக் கடைசியில் மேசைக்கு வந்தாள். கிறிஸ்டினாவுக்குப் பெரிய துண்டாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தாள். சிரித்தாள்கூட. அந்தச் சிரிப்பைப் பார்த்து, எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று கிறிஸ்டினா நம்பிவிட்டாள். அவள் சபைக்குப் போய் நாலு வாரமாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகள் வீட்டில் நகர மாட்டேன் என்றிருந்தன.

“தனம், வர்ற ஞாயித்துக்கெழம வூட்டுக்கு வாயேன். பாப்பாவையும் இட்டுனு வா. மீன் கொழம்பு வெக்கறேன், சாப்புடலாம்.”

தனகோடியின் பிரஷ் பாதித் தோலில் நின்றுவிட்டது. இத்தனை வருஷத்தில் எத்தனையோ முறை அந்த வீட்டில் அவள் சாப்பிட்டிருக்கிறாள், கூப்பிடாமலேயே வந்து சாப்பிட்டிருக்கிறாள். இப்போது கிறிஸ்டினாவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். விளையாட்டுக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

“வேற யாரு யாருக்கா வருவாங்க? போட்டோ எடுப்பாங்களா?”